மகேசன் மாமாவின் நூற்றைம்பது சொற்கள்

"பிள்ளை, நூற்றைம்பது சொல்லில ஒரு மனிசனைச் சொல்லி முடிக்கலாமோ?" என்று மகேசன் மாமா கேட்டார்.

"ஆரை மாமா?"

"என்னைத்தான்."

சமையலறையிலிருந்து பத்மாவதி மாமி பதில் சொன்னார். "உங்களைச் சொல்ல ஐஞ்சு சொல்லுக் காணும். அதில ரெண்டு சொல்லு ஹென்றி கிளே."

"பாத்தீரோ? அமெரிக்க அரசியல்வாதி ஒருத்தரோட கோவமா இருக்கிற பொம்பிளை ஒக்லண்டில இவ ஒராள்தான்."

"செத்து நூற்றெழுபது வருசமான ஆளை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாக் கோவம் வராதோ? கென்டக்கிக்காரராம். கென்டக்கியெண்டா எனக்குக் கோழிப் பொரியல்தான் தெரியும்."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. கொப்பித் தாளில் பேனையால் எழுதியிருந்த ஒரு பக்கத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"லோக்கல் போர்டுக்கு, இந்தப் பகுதிச் சபைக்கு, நிக்கப்போறன். ஒவ்வொரு வேட்பாளரும் தன்னைப் பற்றி நூற்றைம்பது சொல்லு எழுதிக் குடுக்கலாம். அதைப் புத்தகமா அடிச்சு, வாக்குச் சீட்டோட எல்லா வீட்டுக்கும் தபால்ல அனுப்புவினம். நான் தமிழில எழுதிவைச்சிருக்கிறன். நீர் இங்கிலீசில ஆக்கித் தாரும்."

"உங்களுக்கே வருமே மாமா? அந்தத் தடிப் புத்தகத்தை இங்கிலீசிலதானே வாசிக்கிறீங்கள்."

"வாசிக்கிறது வேற. நான் எழுதினாக் கோட்டுக்குக் குடுக்கிற பெட்டிசம் மாதிரி வரும். கனம் நீதிபதி அவர்களே எண்டு துவங்கிவிடுவன்."

"உங்களுக்கு ஆர் வாக்குப் போடுவினம்?" என்று மாமி உள்ளேயிருந்து கேட்டார்.

"நீர் போடுவீர்தானே?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

மாமா என்னிடம் திரும்பினார். "கிளே ஆயிரத்தெண்ணூற்று நாப்பத்திநாலாம் ஆண்டுத் தேர்தலில என்ன செய்தவர் தெரியுமோ? டெக்சஸை நாட்டோட சேர்க்கக்கூடாது எண்டு முதல்ல ஒரு கடிதம் எழுதினவர். பிறகு, தெற்கில இருக்கிறவை கோவிப்பினம் எண்டு பயந்து, அதைத் தண்ணியாக்கி இன்னும் ரெண்டு கடிதம் எழுதினார். அதில வடக்கில இருந்தவைக்குக் கோவம். நியூயோர்க் மாநிலத்தில அஞ்சாயிரத்துச் சொச்சம் வாக்கால தோத்தார். அது மட்டும் கிடைச்சிருந்தா சனாதிபதி."

"எழுதாமலே இருந்திருக்கலாம்" என்றார் மாமி. "நீங்களும் இருக்கலாம்."

"எல்லாருக்கும் பிடிக்க எழுத வேண்டாம், பிள்ளை. உள்ளதை எழுதும்."

"ஓம் மாமா" என்றேன்.

இது மூன்று வருடங்களுக்கு முன், ஹில்ஸ்பரோவில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்த பேச்சு. அந்த "ஓம் மாமா"வை நான் காப்பாற்றவில்லை.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இந்த வருடம் பதினைந்து வயதாகிறது. ஆண்டு மலரில் முன்னாள் தலைவர் மகேசனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயற்குழுவினர் என்னைக் கேட்டார்கள். நான் கூடுதலாக இடம் கேட்டு வாங்கினேன். அவரைப் பற்றி நம்மிடையே உலாவும் ஒரு கதை பிழையானது. அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அவர்களில் ஒருத்தி நான்.

மகேசன் மாமா பிறந்தது கரவெட்டியில். கொழும்பில் சட்டம் படித்து, வவுனியா நீதிமன்றத்தில் நான்கு வருடம் சட்டத்தரணியாக இருந்தார். சோதனைச் சாவடியில் பிடிபட்டவர்களின் தாய்மார்தான் பெரும்பாலும் அவரிடம் வந்தவர்கள் என்று மாமி சொல்லியிருக்கிறார். அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. தொண்ணூற்றொன்பதில் அகதியாக ஒக்லண்ட் வந்தார். இங்கே சட்டத்தரணியாவதென்றால் திரும்பவும் படிக்க வேண்டும். முதல் பிள்ளை பிறந்தது, பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, இரண்டாவது பிள்ளையும் பிறந்தது. பிறகு பஸ் ஓட்டப் பழகினார். அன்றிலிருந்து பெரும்பாலும் சான்ட்ரிங்ஹாம் வீதிதான்.

ஹென்றி கிளே அவருக்குக் கிடைத்தது நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களின் மேசையில். முன்னட்டை இல்லாத ஒரு வாழ்க்கை வரலாறு. கென்டக்கியில் வழக்கறிஞராகத் தொடங்கி, சபாநாயகராகவும் வெளியுறவுச் செயலாளராகவும் இருந்து, மூன்று முறை சனாதிபதித் தேர்தலில் நின்று மூன்று முறையும் தோற்றவர். சண்டை பிடிக்கும் இரண்டு பக்கத்தையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்காரர். மாமா அந்த வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினார். பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில், ஸ்டியரிங்கின் மேல் கொப்பியை வைத்து எழுதுவார். மூன்று கொப்பிகள் நிரம்பின. நான்காவதில் நின்றுபோனது. கிளே கடைசிவரை அடிமைகளை வைத்திருந்தவர். அதை எங்கே, எப்படி எழுதுவதென்று மாமாவுக்குத் தெரியவில்லை.

நம் வகுப்பில் இலங்கைப் பாடநூலா தமிழ்நாட்டுப் பாடநூலா என்று மூன்று மணி நேரம் சண்டை நடந்த கூட்டத்தைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். முதல் தவணைக்கு ஒன்று, அடுத்த தவணைக்கு மற்றது, பரீட்சையில் எந்த நூலின்படி எழுதினாலும் சரி என்று முடித்துவைத்தவர் மாமாதான். கிளென்ஃபீல்டிலிருந்து வரும் சுந்தரமூர்த்தி ஐயா அன்றைக்கு, "சார், உங்கள ஐ.நா. சபைக்கு அனுப்பணும். இங்க வேஸ்ட் ஆகுறீங்க" என்றார். மாமா, "அங்கயும் பார்க்கிங் இல்லையாம்" என்று சொல்லிவிட்டுக் கதிரைகளை அடுக்கப் போனார்.

எனக்குப் பதினைந்து வயதில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பாடசாலை முடிந்து மூன்று சிநேகிதிகளோடு பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் மகேசன் மாமா. "லக்ஷி, சாப்பிட்டனீரோ?" என்று பஸ் முழுக்கக் கேட்கத் தமிழில் கேட்டார். நான் கேளாதவள் மாதிரிப் பின்னால் போய் இருந்தேன். இந்த ஊரில் இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். சிநேகிதிகள் மூவரும் சொன்னார்கள். நான் பின்கதவால் வாய் திறக்காமல் இறங்கினேன். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் என்னிடம் தந்த தமிழ்ப் பக்கம் இப்படித் தொடங்கியது: "நான் பதினெட்டு வருடமாகச் சான்ட்ரிங்ஹாம் வீதியில் பஸ் ஓட்டுகிறேன். இந்த வழியில் கூரை இல்லாத தரிப்பிடங்கள் பதினொன்று." பிறகு அந்தப் பதினொன்றும் எவையென்று வரிசையாக இருந்தது. எந்தத் தரிப்பிடத்தில் எந்த வயதானவர் மழையில் நிற்கிறார் என்றும் எழுதியிருந்தார். ஓரிடத்தில் கோலூன்றி வரும் ஒரு சமோவா நாட்டு அம்மா. இன்னொரு இடத்தில் வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் ஒருவர். கடைசி வரியில்தான், தான் ஒரு காலத்தில் வவுனியாவில் சட்டத்தரணியாக இருந்தது வந்தது.

எனக்கு வேலை ஒரு அலுவலகத்தில் அறிக்கைகள் எழுதுவது. பதினொரு வயது வரை தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்தவள் என்பதால், நம் ஆட்களுக்கு எந்தக் கடிதம் தேவைப்பட்டாலும் என்னிடம்தான் வரும். மாமாவின் பக்கத்தை வாசித்தபோது, இது ஒரு வேட்பாளரின் பேச்சில்லை, முறைப்பாட்டுக் கடிதம் என்று நினைத்தேன். முதலில் தரிப்பிடங்களை எடுத்தேன். அந்த இடத்தில் தலைமைத்துவம், பன்முகத்தன்மை, தொலைநோக்கு என்று எந்த அறிக்கைக்கும் பொருந்தும் சொற்களைப் போட்டேன். பிறகு பஸ்ஸை எடுத்தேன். கடைசி வரியிலிருந்த சட்டத்தரணியை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். "ஒரு காலத்தில்" என்பதையும் "வவுனியாவில்" என்பதையும் நீக்கினேன். "மகேசன் தொழிலால் ஒரு சட்டத்தரணி" என்று ஆங்கிலத்தில் முதல் வரி அமைந்தது. அழகாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், சரியாக நூற்றைம்பது.

மறதியால் நடந்ததென்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மறக்கவில்லை. நம்மில் ஒருவருடைய படம் ஊரெல்லாம் போகும்போது அதன் கீழே பஸ் என்ற சொல் இருப்பதை நான் விரும்பவில்லை.

வேட்புமனு மூடும் நாள் வெள்ளிக்கிழமை நண்பகல். அன்று காலை பத்தரைக்குப் பலசரக்குக் கடைகளுக்கு முன்னாலுள்ள தரிப்பிடத்தில் மாமாவின் பஸ்ஸைப் பிடித்தேன். படிவத்தை நீட்டினேன். என் பின்னால் ஐந்தாறு பேர் ஏறக் காத்திருந்தார்கள்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுமன்" என்றார்.

"நேரமில்லை மாமா. ஆக்கள் நிக்கினம்."

"சரி. நீர் எழுதினாப் பிழை வராது."

ஸ்டியரிங்கின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பரில் புத்தகம் வீடுகளுக்கு வந்தது. அன்று பின்னேரம் மாமா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, பதினொரு தரிப்பிடமும் எங்க போச்சுது?"

"இடம் காணேல்லை மாமா."

"ஓம்." புத்தகத்தின் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அந்த முதல் வரியை மாத்த ஏலுமோ?"

"அடிச்சு முடிஞ்சுது மாமா. எல்லா வீட்டுக்கும் போயிட்டுது."

"சரி, சாப்பிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் அந்தப் பகுதியின் முகநூல் குழுவில் ஒருவர் படம் போட்டார். ஒரு பக்கத்தில் மாமாவின் நூற்றைம்பது சொற்கள். மறுபக்கத்தில் அவர் சீருடையோடு பஸ்ஸில் இருப்பது. "இந்தச் சட்டத்தரணிதான் தினமும் என்னை வேலைக்குக் கொண்டுபோகிறார்" என்று மேலே எழுதியிருந்தது. சிரிக்கும் முகங்கள் நூற்றுக்கணக்கில். என் வேலையிடத்திலும் ஒருவர் அதைக் காட்டி என்னைக் கேட்டார், தெரிந்த ஆளா என்று. ஓரளவு தெரியும் என்றேன்.

வேட்பாளர்களைச் சந்திக்கும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நான் மாமிக்குப் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். வெள்ளைக்கார முதியவர் ஒருவர் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "திரு. மகேசன், நீங்கள் எந்த அலுவலகத்தில் சட்டத்தொழில் செய்கிறீர்கள்?"

மாமா எழுந்து நின்றார். நீதிமன்றத்தில் நிற்பவர் மாதிரிக் கோட்டின் பொத்தானைப் போட்டார்.

"நான் இங்கே சட்டத்தரணி இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் இருந்தேன். இங்கே பஸ் ஓட்டுகிறேன். அந்த வரி பிழை. கையெழுத்து என்னுடையது."

"அப்படியானால் யார் எழுதினார்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கையெழுத்து என்னுடையது" என்று மாமா திரும்பவும் சொன்னார்.

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். மாமி என் பக்கம் பார்க்கவில்லை. தன் கைப்பையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பியிருக்கலாம். என் முழங்காலிலிருந்து மாமா நின்ற இடம் பத்து அடி இருக்கும்.

நானூற்றுப் பன்னிரண்டு வாக்குகளால் தோற்றார். பதிவு செய்யாதவர் தன்னைச் சட்டத்தரணி என்று சொல்வது இந்த நாட்டில் சட்டப்படி தவறு. அது எனக்குத் தெரியாது, பார்க்கவுமில்லை. விளக்கம் கேட்டுச் சட்டத்தரணிகள் சங்கத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவரே தன் பெட்டிச ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பதில் எழுதினார். அதோடு அந்த அலுவல் முடிந்தது.

நம் ஆட்களிடம் முடியவில்லை. சான்ட்ரிங்ஹாம் கடையில் மாமா அரிசி மூட்டையோடு வரிசையில் நிற்கும்போது, "லோயர் ஐயாவை முன்னுக்கு விடுங்கோ, கேஸ் இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், "என்ரை விசா ஒண்டு இழுபடுது, பாத்துத் தருவீங்களோ?" என்றார். நான் பருப்பு அடுக்கியிருந்த தட்டுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி அந்தக் கடைக்கு வருவதை விட்டுவிட்டார். பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "தாங்க் யூ, லோயர்!" என்று கத்தத் தொடங்கினார்கள். அவர் வழக்கம்போலக் கை காட்டினாராம்.

நவம்பரில் வகுப்பின் செயற்குழு கூடியது. குறிப்பெழுதுபவள் நான். சுந்தரமூர்த்தி ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். அவர் கெட்டவரில்லை, அன்றைக்கு அவருக்கும் வியர்த்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேரண்ட்ஸ் சில பேர் பேசுறாங்க. பசங்க படிக்கிற எடம், நாம ஒரு எக்ஸாம்பிளா இருக்கணும்ல?"

"ஓம், விளங்குது."

"நான் ஒண்ணு மட்டும் கேக்குறேன். அத நீங்களே எழுதுனீங்களா? இல்ல, யாராவது எழுதிக் குடுத்தாங்களா? அப்படின்னா சொல்லுங்க சார், விஷயம் வேற மாதிரி ஆயிடும்."

மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். மற்ற எட்டுப் பேரும் ஏதோ ஒரு தடவை என் ஆங்கிலத்தைப் புகழ்ந்தவர்கள். ஒருவர் தன் மகளுக்கு என்னை உதாரணமாகச் சொல்பவர். நான் குறிப்பேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்த திகதியின் கீழே கோடு போட்டேன்.

"என்ரை அறிக்கை. நான்தான் பொறுப்பு" என்றார் மாமா. "தலைமையில இருந்து விலகுறன். கதிரை அடுக்க ஆள் தேவையெண்டா வருவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எழுதிக்கொள் என்ற மாதிரி. நான் எழுதினேன்: "தலைவர் திரு. மகேசன் தனிப்பட்ட காரணங்களால் பதவி விலகினார்." இப்போதும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பொய்யும் தமிழில் ஒரு பொய்யும் அவரைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை.

மூன்று வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகேசன் பொய் சொல்லித் தேர்தலில் நின்றவர் என்று நம் வீடுகளில் இன்னமும் சொல்கிறார்கள். என் வீட்டிலேயே ஒரு பிறந்தநாளில் சொன்னார்கள். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்: அந்த வரியை எழுதியவள் நான். கையெழுத்துப் போடும்வரை அவருக்கு அதை வாசித்துக் காட்டாதவளும் நான். செயற்குழு அந்தக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

இந்த வருடம் திரும்பவும் தேர்தல். வேட்புமனு அடுத்த மாதம் தொடங்குகிறது. மாமா கேட்ட ஒன்றை நான் செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் செய்வதற்கு முன் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவர் கேட்டது அந்தச் செயற்குழுக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து. ஒரு சனிக்கிழமை காலை, வேண்டுமென்றே அவருடைய பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பிடம்வரை போனேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நான்காவது கொப்பியை எடுத்தார்.

"மாமா, நான் எல்லாருக்கும் சொல்லப்போறன்" என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன்.

அவர் கண்ணாடிப் பக்கம் பார்த்தபடி பேப்பர் துவாயை நீட்டினார். "சொல்லுறதெண்டாச் சொல்லும். வேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். எனக்கும் கோவம் இருந்தது, பிள்ளை. மாமியைக் கேட்டுப் பாரும், ஒரு கிழமை கிளேயைப் பற்றியே கதைக்கேல்லை. அவ பயந்துபோனா."

நான் துவாயால் முகத்தைத் துடைத்தேன்.

"கிளேக்கும் ஆயிரத்தெண்ணூற்று இருபத்தைஞ்சாம் ஆண்டு ஒரு பேர் வைச்சவங்கள், பேரம் பேசிப் பதவி வாங்கினவன் எண்டு. சாகுமட்டும் அந்தப் பேர் போகேல்லை. அதோட ரெண்டு தரம் நிண்டவர்."

"தோத்தவர்தானே மாமா?"

"தோத்தவர்தான். அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துறீர்?" முதல் முறையாகச் சிரித்தார். கொப்பியைத் திறந்து காட்டினார். "அடிமையளின்ரை கதையை எங்க போடுறது எண்டு தெரியாமல் நிண்டதல்லோ. முதல் கொப்பியில முதல் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டு அங்கயே எழுதியிட்டன்."

நான் அப்படிச் செய்யவில்லை. என் குற்றத்தை இந்தக் கட்டுரையின் நடுவில்தான் வைத்திருக்கிறேன்.

அவர் நேரத்தைப் பார்த்தார். திரும்பப் புறப்பட இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. வெளியே ஏறுவதற்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"அடுத்த முறையும் நிக்கப்போறன். நீர்தான் எழுதித் தர வேணும்."

"நானோ?"

"வேற ஆரிட்டைப் போறது? முதல் சொல்லு பஸ்ஸாக இருக்கட்டும். தரிப்பிடம் எல்லாத்தையும் போடும். ஆனாப் பதினொண்டு எண்டு போடாதையும், ரெண்டுக்குக் கூரை போட்டிட்டாங்கள், இப்ப ஒன்பது. தேர்தல் வரேக்குள்ள திரும்ப எண்ணிச் சொல்லுறன். எழுதி முடிச்சவுடன இங்க கொண்டுவாரும், பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறன். கையெழுத்துக்கு முதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டும், பிள்ளை. ஆக்கள் நிண்டா நிக்கட்டும்."